மேசைக்கடியில் புலி

தம்பி, இப்படி உட்காரு. கோப்பிக்குச் சொல்லியாச்சு, வரும். முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கே? பரீட்சை உனக்கா, உன் பிள்ளைக்கா? ரெண்டு பேருக்கும் இல்லையா? பிள்ளைக்கு நாலரை வயசுதான் ஆகுதா? அப்புறம் என்னடா அழுகை?

சரி, விஷயத்துக்கு வா. புத்தகத்துல வர்ற நீர்நாய் நிஜமாவே பேசும்னு உன் மகன் சொன்னான். அவ்வளவுதானே? அதுக்கு நீயும் உன் பொஞ்சாதியும் ராத்திரி தூக்கம் முழிச்சு அட்டை வெட்டி, படம் ஒட்டி, மேல பளபளன்னு பிளாஸ்டிக் தாள் போட்டு, ரெண்டு டப்பா தயார் பண்ணியிருக்கீங்க. ஒண்ணு ‘நிஜம்’. இன்னொண்ணு ‘கற்பனை’. நாய் அட்டை நிஜ டப்பாவுல விழணும். டிராகன் அட்டை கற்பனை டப்பாவுல விழணும். மாத்திப் போட்டா அம்மா முகம் சுருங்கும். இது பத்தாதுன்னு சனிக்கிழமை காலையில வகுப்பு வேற. என்ன வகுப்பாம்? ‘கிரிட்டிக்கல் திங்க்கிங்’. பால் பல்லு விழறதுக்குள்ள பிள்ளை நீதிபதி ஆகணுமாக்கும்!

உன் அட்டைக் கட்டு நல்லாத்தான் இருக்கு. குறை சொல்லலை. நானும் நாலு அட்டை சேர்க்கிறேன். எந்த டப்பாவுல போடுவேன்னு சொல்லு, பார்ப்போம்.

முதல் அட்டை, பேசுற பறவை. கற்பனைதானே? அவசரப்படாதே. 1971-லேருந்து 2023 வரைக்கும் நம்ம சிங்கப்பூர்ல, இந்தப் பூன் லேக்குப் பக்கத்துலதான்டா ஜூரோங் பறவைப் பூங்கா இருந்துச்சு. அப்புறம்தான் மண்டாய்க்குக் குடி போனது. அங்க கிளி பாடுனதைப் பார்த்துக் கைதட்டிட்டு வந்தவன்தானே நீ? மலை மைனாவைப் பழக்கினா மனுசக் குரல்ல ரெண்டு வார்த்தை சொல்லும். இப்போ சொல்லு, எந்த டப்பா?

ரெண்டாவது அட்டை, கரையில நடக்கிற மீன். சுங்கை பூலோவுக்குப் போ. கடல் தண்ணி வடிஞ்ச நேரத்துல பலகைப் பாதையில நின்னு குனிஞ்சு பாரு. சேத்துல துடுப்பை ஊனி ஊனி, கண்ணை உருட்டிக்கிட்டு மீன் நடந்து போகும். மூணாவது அட்டை, பறக்கிற ஓணான். புக்கிட் தீமா காட்டுல இருக்கு. விலாத் தோலை விரிச்சுக்கிட்டு மரத்துக்கு மரம் மிதந்து போகும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். போனைக் குனிஞ்சு பார்க்கிறவனுக்கு எங்க தெரியப் போகுது?

நாலாவதுதான் பெரிய அட்டை. ஓட்டலுக்குள்ள புலி. சிரிக்கிறியே? 1902 ஆகஸ்டு மாசம் ராஃபிள்ஸ் ஓட்டலுக்குப் புலி வந்துச்சுடா. பக்கத்துல வித்தை காட்டுறவங்ககிட்டேருந்து தப்பிச்ச புலி. பில்லியர்ட்ஸ் கூடம் அப்போ தூணு மேல நின்ன கட்டடம். அந்தத் தரைக்கடியில போய்ப் பதுங்கிடுச்சு. சுட ஆள் வேணுமே, யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? ராஃபிள்ஸ் பள்ளியோட தலைமையாசிரியரை! வாத்தியார் வந்து சுட்டாரு. இந்தக் காலத்து வாத்தியார் பாவம், மதிப்பெண் பட்டியலைத்தான் சுட முடியும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தரைக்கடியில இருந்த புலியை இழுத்துட்டு வந்து பில்லியர்ட்ஸ் மேசைக்கடியில விட்டுட்டாங்க. இன்னிக்கும் எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. புலி நிஜம். மேசை புளுகு. இப்போ இந்த அட்டையை என்ன பண்ணுவே? தலையை ஒரு டப்பாவுலயும் வாலை இன்னொரு டப்பாவுலயும் போடுவியா?

முழிக்கிறே பாரு. உன் கோளாறு என்னன்னா, உங்கிட்ட ரெண்டு டப்பாதான் இருக்கு. மூணாவது டப்பா எங்கேடா? ‘தெரியலை, போய்ப் பார்க்கணும்’னு ஒரு டப்பா வேணாமா? இருக்கிறதுலயே பெரிய டப்பா அதுதான். அதை வாங்காம வந்துட்டு, பிள்ளைக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்துட்டீங்க.

உன் மகன் ஒண்ணும் மக்கு இல்லை. நேத்து கீழ்த்தளத்துல பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் கோப்பையை எங்கிட்ட நீட்டி, “தாத்தா, தே குடிங்க, சூடு”ன்னான். நான் ஊதி ஊதிக் குடிச்சேன். “சீனி பத்தலைடா”ன்னேன். இல்லாத சீனியை இல்லாத கரண்டியால போட்டுக் கலக்கினான். அப்புறம் தாகம் எடுத்ததும் என்ன பண்ணான்? அந்தக் கோப்பையையா வாயில வச்சான்? நேரா அவங்க அம்மா பையைத் தொறந்து தண்ணிப் புட்டியை எடுத்தான். எது விளையாட்டுத் தே, எது குடிக்கிற தண்ணின்னு அவனுக்கு எந்த வகுப்பு சொல்லிக் குடுத்துச்சு?

படிச்சவங்க சொன்னாத்தான் நம்புவேன்னா அதையும் கேட்டுக்கோ. 1986-ல வெல்மன், எஸ்டிஸ்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் சின்னப் பிள்ளைங்களை உட்கார வச்சுக் கேட்டாங்க. ஒரு பையன்கிட்ட பிஸ்கட்டு இருக்கு. இன்னொரு பையன் பிஸ்கட்டை நினைச்சுக்கிட்டு இருக்கான். இதுல எந்த பிஸ்கட்டைத் தொடலாம், எதைத் திங்கலாம்? மூணு வயசுப் பிள்ளைங்களே கரெக்டாச் சொல்லிடுச்சுங்க. நினைப்புல இருக்கிற பிஸ்கட்டு வயித்துக்கு ஆகாதுன்னு மூணு வயசுலயே தெரியுது. வெறும் நினைப்புலயே வயித்தை ரொப்பிக்கிறவன் பெரியவன்தான்.

கதைக்குள்ள போறதும் அப்படித்தான். நம்ம புளோக்குல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் செருப்பைக் கழட்டி விட்டுட்டுத்தானே உள்ள போறோம்? பிள்ளை கதைக்குள்ள போறப்போ நிஜத்தை அங்க கழட்டி வைக்குது. கதை முடிஞ்சதும் வெளிய வந்து மாட்டிக்கிட்டுப் போகுது. தொலைச்சுட்டு வராது. நீ என்னடான்னா கதை நடக்கிறப்போ பாதியில புகுந்து, “கண்ணா, நீர்நாய் பேசுமா? யோசி, யோசி”ன்னு உயிரை எடுக்கிறே. விருந்து சாப்பிடுறவனை நடுவுல எழுப்பிச் செருப்பு இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொல்லுவியா?

அப்போ ராத்திரி கட்டிலுக்கடியில பூதம் இருக்குன்னு ஏன் அழறான்னு கேட்பே. கேளு. 1991-ல பால் ஹாரிஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஒரு வேலை பண்ணாங்க. ஒரு காலிப் பெட்டியைப் பிள்ளைங்ககிட்ட காட்டி, உள்ள ஒரு பூதம் இருக்கிறதா நினைச்சுக்கோன்னாங்க. நிஜமா இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு பிள்ளைங்க சொல்லிடுச்சுங்க. ஆனா பெரியவங்க அறையை விட்டு வெளிய போனதும், கொஞ்சம் பிள்ளைங்க மெதுவா அந்தப் பெட்டியை நோட்டம் விட்டுச்சுங்க. எதுக்கும் இருக்கட்டும்னுதான்.

சிரிக்காதே. நீ பண்ணலையா? சீனங்களோட ஏழாம் மாசம் வந்தா நம்ம பேட்டையில மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலி காலியாவே கிடக்கும். ஆவிங்க உட்கார்ற இடம். நீ பொறியியல் படிச்சவன்தானே? கால் வலிச்சா அதுல போய் உட்காருவியா? மாட்டே. புதுக் கார் எடுத்தப்போ நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினது யாரு? ரோட்டுல ரெண்டு கார் மோதிக்கிட்டா, அடிபட்டவனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கார் நம்பரைப் பார்த்துட்டு ‘4D’ லாட்டரிக் கடைக்கு ஓடுறது யாரு? செத்துப்போன பாட்டி கனவுல வந்து நம்பர் சொன்னாங்கன்னு வரிசையில நிக்கிறவன், பிள்ளைக்குக் கற்பனை அதிகமாயிருச்சுன்னு எங்கிட்ட வந்து புலம்புறான்!

அப்போ பிள்ளைக்குக் குழப்பமே வராதான்னா, வரும். எங்க வரும்? பார்க்காத இடத்துல வரும்.

உன் மகன் மாட்டை எங்கே பார்த்தான்? புத்தகத்துல. டிராகனை எங்கே பார்த்தான்? அதே புத்தகத்துல, அடுத்த பக்கத்துல. ரெண்டும் அவனுக்குக் காகிதம்தான். மாடு நிஜம், டிராகன் கற்பனைன்னு நீ சொன்னா, சரிப்பான்னு தலையாட்டுவான். தெரிஞ்சா ஆட்டுறான்? உனக்காக ஆட்டுறான். தேக்காவுல ஒரு காலத்துல மாட்டுப் பட்டியே இருந்துச்சு. பஃபலோ ரோடு இன்னும் இருக்கு, எருமைதான் இல்லை. பொங்கல் சமயத்துல லிட்டில் இந்தியாவுக்கு மாடு கொண்டாந்து கட்டுவாங்க. கூட்டிட்டுப் போ. கேம்பல் லேன்ல கூட்டம் நெருக்கும், பரவாயில்லை. தோள்ல தூக்கி வச்சுக் காட்டு. அது மூச்சு விடுற சூடு பிள்ளை கையில படணும். சாணி நாத்தத்துக்கு அவன் மூக்கைப் பொத்தணும். அதுக்கப்புறம் நீ எந்த டப்பாவையும் காட்ட வேணாம். டிராகன்கிட்ட சாணி நாத்தம் இல்லைன்னு அவனே கண்டுபிடிச்சிடுவான்.

நீர்நாய் விவகாரமும் இதுதான். டொராண்டோவுல பட்ரீஷியா கனேயான்னு ஒரு அம்மாவும் அவங்க ஆட்களும் 2014-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. பிள்ளைங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத மிருகங்களைப் பத்திப் புத்தகம் வாசிச்சுக் காட்டினாங்க. சில புத்தகத்துல மிருகம் மிருகமாவே இருந்துச்சு. சிலதுல மனுசத்தனமாப் பேசுச்சு. பேசுற கதையைக் கேட்ட பிள்ளைங்க, நிஜ மிருகத்துக்கும் மனுசக் குணம் உண்டுன்னு அதிகமாச் சொல்லுச்சுங்க. அப்போ பேசுற கதையே கூடாதான்னா, அப்படியில்லைடா. உன் மகன் நீர்நாயைப் பார்த்ததே இல்லை. முதல் நீர்நாயே சட்டை போட்டுக்கிட்டு ‘வணக்கம்’னு சொன்னா அவன் என்னத்தைக் கண்டான்? ஜூரோங் ஏரித் தோட்டத்துக்கு விடியக்காலையில கூட்டிட்டுப் போ. அதிர்ஷ்டம் இருந்தா குடும்பமா நீந்தி வரும். மீனைத் தலையோட கடிச்சு நொறுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன், அது காலையில பல் தேய்ச்சு இட்லி சாப்பிடும்னு நம்பமாட்டான். புத்தகத்துல அது பேசுறதையும் விடமாட்டான். ரெண்டையும் வச்சுக்குவான்.

இன்னொரு குழப்பம் வரும், அதுக்குக் காரணம் நீ. கோவிச்சுக்காம கேளு. “சோறு திங்கலைன்னா மாத்தா வந்து புடிச்சிட்டுப் போயிடும்”னு சொன்னது யாரு? எந்த போலீஸ்காரராவது சோத்துக்காகப் பிள்ளை புடிச்சிருக்காரா? “ஐஸ்கிரீம் கடை இன்னிக்கு லீவு”ன்னியே, கடைக்காரன் உன் எதிர்லயே மணி அடிச்சுக்கிட்டு நிக்கிறான். “போன்ல சார்ஜ் இல்லை”ன்னு சொல்லிட்டு, பிள்ளை தூங்கினதும் நடு ராத்திரி வரைக்கும் பார்க்கிறியே, அந்தச் சார்ஜ் எங்கேருந்து வந்துச்சு?

புத்தகத்துல பொய் இருந்தாலும், ‘இது கதைதான்’னு அட்டையிலயே சொல்லிட்டுத்தான் உள்ள கூப்பிடுது. படம் வரைஞ்சிருக்கு, ‘ஒரு ஊர்ல’ன்னு ஆரம்பிக்குது. நீ சொல்ற பொய்யில எந்த அடையாளமும் இல்லை. அப்பா முகம், அப்பா குரல், அப்பா சத்தியம். டெக்சாஸ்ல ஜாக்குலின் வூலிங்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் இதையும் சோதிச்சாங்க. 2004-ல வெளியிட்டாங்க. மிட்டாய்ச் சூனியக்காரின்னு ஒருத்தியைப் புதுசா உண்டாக்கினாங்க. ராத்திரி வந்து மிட்டாயை எடுத்துட்டு பொம்மையை வச்சிட்டுப் போவாள்னு பிள்ளைங்ககிட்ட சொன்னாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைங்க அப்படி ஒருத்தியைக் கேள்விப்பட்டதே இல்லை. நிறையப் பிள்ளைங்க நம்பிடுச்சுங்க. ஏன் நம்பாது? பெரியவங்க சொன்னாங்க, காலையில எழுந்தா பொம்மையும் இருக்கு. நீயும் நானும் கோட்டு போட்டவன் சொன்னா முதலீடு பண்றோமே, அதே கணக்குதான்.

பெரியவங்க ரெண்டு பக்கமும் ஏமாறுவாங்க தம்பி. இல்லாததை நம்புவாங்க, கண்ணெதிர்ல நடக்கிறதைக் கதைம்பாங்க. மெர்லயனை எடுத்துக்கோ. சிங்கத் தலை, மீன் உடம்பு. ஊர்லேருந்து வந்த என் சம்பந்தி, எந்தக் காலத்துச் சாமியோன்னு கையைக் கூப்பப் பார்த்தாரு. 1964-ல சுற்றுலாவுக்குச் சின்னம் வேணும்னு ஃபிரேசர் பிரன்னர்ங்கிறவரு வரைஞ்சது அது. மீன் காட்சியகத்தைப் பார்த்துக்கிட்ட மனுசன், மீன் வால் வராம இருக்குமா? 1972-ல லிம் நாங் செங் செஞ்ச சிலையை நட்டாங்க. 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. எனக்கு மீசை முளைச்சப்புறம் பொறந்த பய அவன்.

மறுபக்கம் பாரு. 1961-ல அப்போ நிதியமைச்சரா இருந்த கோ கெங் சுவீ ஜூரோங்ல தொழிற்பேட்டை கட்டப் போறேன்னாரு. அப்போ இது சதுப்பும் மேடும் இறால் குட்டையும். ஆலை வருமாம், கப்பல் வருமாம்னு ஊரே சிரிச்சுது. ‘கோவோட முட்டாள்தனம்’னே பேரு வச்சாங்க. அந்த முட்டாள்தனத்துலதான் நான் வேலை பார்த்துப் பிள்ளைங்களைப் படிக்க வச்சேன். நீ இப்போ அது மேல கட்டின கடையில உட்கார்ந்து கோப்பி குடிக்கிறே. அன்னிக்கு உன் அட்டையைக் குடுத்திருந்தா, ஜூரோங்கைத் தூக்கி டிராகன் டப்பாவுல போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு கேளு. பூன் லேங்கிறது ஒரு மனுசன் பேருன்னு உன் மகனுக்குச் சொல்லியிருக்கியா? சூ பூன் லேன்னு ஒரு வியாபாரி. இந்தப் பக்கம் தோட்டம் துரவு வச்சிருந்தாரு. பிஸ்கட்டு ஆலையும் நடத்தினாரு. ஆலைக்குப் பேரு ‘ஹோ ஹோ’. எந்தக் கதை எழுதுறவனுக்குடா இப்படிப் பேரு வைக்கத் தோணும்? சொல்லிப் பாரு. நிஜம்னா நம்பவே மாட்டான். நம்பலைன்னா ரொம்ப நல்லது. ஏன் நம்பலைன்னு கேளு. அங்கதான் வாசிப்பு ஆரம்பிக்குது.

எப்படி வாசிக்கணும்னு கேட்டியே, சொல்றேன். காசு வேணாம். பாடாங் கதையை எடுத்துக்கோ. ‘செஜாரா மெலாயு’ங்கிற பழைய மலாய் நூல்ல வர்றது. பாடாங் ஒரு அடிமை. ஆத்துல மீன் புடிக்கக் கூடு வைப்பான். வந்து பார்த்தா எலும்புதான் மிஞ்சியிருக்கும். ஒளிஞ்சிருந்து பார்த்தா, ஒரு பூதம் மீனைத் தின்னுக்கிட்டு இருக்கு. தாடியைப் புடிச்சு இழுத்துட்டான். பூதம் வரம் குடுக்கிறேன்னுது. பலம் வேணும்னான். “அப்போ நான் வாந்தி எடுப்பேன், அதைத் தின்னு”ன்னுது பூதம். தின்னான்! இந்த இடத்துல நிறுத்திப் பிள்ளை முகத்தைப் பாரு. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ‘இன்னொரு தடவை சொல்லு’ம்பான். சொல்லு. அப்போ போய் “வாந்தியில புரதச் சத்து உண்டா, யோசி கண்ணா”ன்னு ஆரம்பிச்சே, அடிப்பேன்.

அப்புறம் கலிங்க தேசத்துலேருந்து ஒரு மல்லன் வர்றான். நம்ம பக்கத்து ஆளுதான். பாறையைத் தூக்குற போட்டி. நம்மாளு முட்டி வரைக்கும் தூக்கித் தொப்புன்னு போட்டுடுவான். பாடாங் தூக்கி வீசுன வீச்சுல அது சிங்கப்பூர் ஆத்து முகத்துல போய் விழுந்துச்சாம். கதை முடிஞ்சுது. இப்போ பிள்ளை கேட்பான், “அப்பா, இது நெசமா?” இந்தக் கேள்வி வந்ததும் உனக்குக் கை பரபரங்கும், ‘கற்பனை’ன்னு டப்பாவை நீட்டுவே. நீட்டாதே. “எனக்கும் சந்தேகமா இருக்குடா, எப்படித் தெரிஞ்சுக்கலாம்?”னு திருப்பிக் கேளு.

கேட்டுட்டு வண்டியேறித் தேசிய அரும்பொருளகத்துக்குப் போ. அங்க ஒரு பாறைத் துண்டு இருக்கு. 1819-ல ஆத்து முகத்துல கண்டெடுத்த பெரும் பாறையோட மிச்சம். மேல எழுத்து வெட்டியிருக்கு. 1843-ல வெள்ளைக்காரங்க வெடி வச்சு உடைச்சுட்டாங்க. அந்த எழுத்து என்ன சொல்லுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சு முடிக்கலை. பாடாங் வீசுன பாறை இதுதான்னு சொல்றவங்க உண்டு. உன் மகனைக் கண்ணாடிக்கு முன்னாடி நிக்க வை. பாறை இருக்கு. எழுத்து இருக்கு. பூதம் இருந்துச்சான்னு அவன் சொல்லட்டும். “பாறை நெசம், வாந்தி கதை”ன்னான் என் பேத்தி. அரும்பொருளகமே திரும்பிப் பார்த்துச்சு. இதை எந்த அட்டைடா சொல்லிக் குடுக்கும்?

அவ்வளவு தூரம் போகச் சோம்பலா இருந்தா, பூன் லே பிளேஸ் உணவங்காடிக்கே வா. அன்னிக்குப் பேத்திக்குப் பாட்டி வடை சுட்ட கதை சொல்லிட்டு, புரோட்டா வாங்கி மேசையில வச்சேன். குழம்புக்குத் திரும்பினேன். அவ்வளவுதான். மைனா ஒண்ணு குதிச்சு வந்து தட்டு ஓரத்துல நின்னுச்சு. தலையைச் சாய்ச்சு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. ஒரு துண்டைக் கவ்விக்கிட்டு விளக்குக் கம்பத்துல போய் உட்கார்ந்துக்கிச்சு. பேத்தி எழுந்து நின்னுட்டா. “தாத்தா, திருடுறது நெசம்!” அப்புறம் நாற்காலியில சாய்ஞ்சு யோசிச்சா. “பாடச் சொல்றதுக்கு நரி எங்கே?” இந்த ஊர்ல நரி கிடையாதும்மான்னேன். “அப்போ அதுக்குப் புரோட்டா கிடைச்சிருச்சு”ன்னா. கதையில எது வெளிய நடக்கும், எது உள்ள மட்டும் நடக்கும்னு ஆறிப்போன புரோட்டாவுல பிரிச்சுட்டா பாரு. சனிக்கிழமை வகுப்புல இதுக்கு எவ்வளவுடா கட்டுறே?

நூலகத்துக்குப் போறேன்னியே, நல்ல காரியம். ஜூரோங் வெஸ்ட் நூலகம் காலாற நடந்தா வந்துடும். அங்க ஒரு வேடிக்கை இருக்கு, கவனிச்சியா? நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தோட முதுகைப் பாரு. 398.2-ன்னு எண் போட்டிருக்கும். அது அறிவு நூலுக்குப் போடுற எண் வரிசை. பேசுற நரியும் பறக்கிற கம்பளமும் அந்த வரிசையிலதான் நிக்குது. கதை நடந்ததோ இல்லையோ, மனுசன் காலங்காலமா அதைச் சொல்லிட்டு வர்றது நடந்ததுதானேன்னு அந்த எண்ணைப் போட்டவங்க நினைச்சிருப்பாங்க. நூலகக்காரங்களே இவ்வளவு நிதானமா இருக்காங்க. நீ ஏன்டா பொதுநல வழக்குப் போடுற வேகத்துல இருக்கே?

சாமிக் கதையை என்ன பண்றதுன்னு மெதுவாக் கேட்கிறியே, தெரியும். உன் அம்மா காதுல விழுந்துடுமோன்னு பயம். அதுக்கு டப்பாவே தேடாதே. “நம்ம வீட்ல இதை நம்புறோம், பக்கத்து வீட்ல வேற நம்புறாங்க”ன்னு சொல்லு. அது பொய்யும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. மயில் எப்படிப்பா மூணு உலகத்தையும் சுத்துச்சுன்னு கேட்டா, “எனக்குத் தெரியலை, பாட்டிகிட்ட கேளு”ன்னு தள்ளி விட்டுடு. பாட்டிக்குப் பொழுது போகும்.

இத்தனையும் சொல்லிட்டு, நான் பயப்படுறது எதுக்குன்னும் சொல்லிடுறேன். புத்தகத்துக்கு வாசல் இருக்கு. அங்க பிள்ளைக்குச் செருப்பைக் கழட்டவும் தெரியும், மாட்டவும் தெரியும். உன் போனுக்கு வாசல் எங்கேடா? நிஜப் பூனை, நிஜ அடுப்பு, பூனை தோசை சுடுது. படம் வரைஞ்சது இல்லை, ‘ஒரு ஊர்ல’ இல்லை, கண்ணுக்கு அத்தனையும் அச்சு அசல். கம்ப்யூட்டர் செஞ்சதுன்னு எங்கயும் எழுதலை. நாலரை வயசுப் பிள்ளை கையில அதைக் குடுத்துட்டு, பேசுற நீர்நாய்ப் புத்தகத்தைப் பார்த்து நீ பயப்படுறே. அதைக் குடுக்கிறதானா பக்கத்துல உட்கார்ந்து குடு. “இதை யாரு எடுத்தது? எப்படி எடுத்திருப்பாங்க?”னு கூடக் கூடக் கேளு. உட்கார நேரம் இல்லையா? அப்போ போனைக் குடுக்காதே. வேற வைத்தியம் எனக்குத் தெரியாது.

பிள்ளைக்கு மட்டுமாடா இந்த வியாதி? நம்ம நூலக வாரியம் 2013-லேயே ‘ஷுவர்’னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சுது. யார் சொன்னது, என்ன சொல்லுது, வேற இடத்துலயும் தேடினியா, எடை போட்டியான்னு கேட்கச் சொல்லிக் குடுக்கிறாங்க. அதுவும் பத்தாம 2019-ல இணையப் பொய்க்கு எதிராச் சட்டமே போட்டாங்க. நாலரை வயசுக்காரனுக்காகவா போட்டாங்க? ‘பத்து பேருக்கு அனுப்பு, நல்ல செய்தி வரும்’னு காலங்காத்தால எழுந்து அனுப்புறவனுக்காகப் போட்டது. வெந்நீர்ல எதையோ போட்டுக் குடிச்சா சர்க்கரை வியாதி ஓடிடும்னு போன வாரம் குடும்பக் குழுவுல போட்டது யாரு? உன் மகனா?

அதனால நான் சொல்றதைச் செய். அந்த அட்டைக் கட்டைப் பிள்ளைகிட்டயே குடுத்துடு, வீடு கட்டி விளையாடட்டும். இனிமே நீ எதையாவது நாலு பேருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அவனைப் பக்கத்துல உட்கார வச்சுச் சத்தமா வாசிச்சுக் காட்டு. “எப்படித் தெரியும்பா?”னு கேட்பான். கேட்கலைன்னா கேட்கப் பழக்கு. பதில் இருந்தா அனுப்பு. இல்லைன்னா “தெரியலைடா, தேடிப் பார்க்கணும்”னு வாய் விட்டுச் சொல்லு. அப்பன் வாயால அந்த வார்த்தையைக் கேட்ட பிள்ளை, எந்தப் புத்தகத்துலயும் வழி தவறாது. சொல்லக் கூச்சமா இருந்தா சனிக்கிழமை வகுப்புல நீ சேர்ந்துக்கோ, பிள்ளையை இங்க அனுப்பு. வர்றப்போ நாலணா இனாம் வேணாம், ஒரு கோப்பி ஓ வாங்கிட்டு வரச் சொல்லு. சீனி குறைச்சு.